ஜனவரி வில்வேட்டை: பரணிலிருந்து இறங்கும் வழி

"நேற்று மாலை ஆறேகால் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மான்கள் என் கொட்டிலைத் தாண்டி ஓடின. நீ அப்போதுதான் பரணிலிருந்து இறங்கினாய், இல்லையா?"

2021 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த முதிய விவசாயி தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னிடம் இப்படிக் கேட்டார். ஆமாம், மரத்தில் கட்டிய வேட்டைப் பரணிலிருந்து ஆறேகாலுக்குத்தான் இறங்கினேன். அதற்கு முந்தைய இரண்டு மாலைகளிலும் அதே நேரத்தில்தான் இறங்கினேன். மூன்று நாளும் மக்காச்சோளக் கொல்லையில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இருட்டில் ஏணியைப் பற்றி இறங்கி, கொல்லையின் குறுக்கே நடந்து, காரை அடைந்தேன். நான்காவது மாலை ஒரு மான்கூட வரவில்லை. ஐந்தாவது மாலையும் அப்படித்தான். பிப்ரவரி பிறந்து பருவம் முடியும் வரை வெளிச்சம் இருக்கும்போது அந்தக் கொல்லையில் நான் மானைப் பார்க்கவே இல்லை.

பரணில் எப்படி ஏறுவது, எங்கே கட்டுவது என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். இறங்குவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதை முழுதாகக் கற்க எனக்கு மூன்று குளிர்காலங்கள் பிடித்தன.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில் வேலை பார்க்கிறேன். வேட்டைக்குப் போவது அங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள கோஷாக்டன் மாவட்டத்துக்கு. வால்ஹாண்டிங், டஸ்கராவஸ் என்ற இரண்டு ஆறுகள் கூடி மஸ்கிங்கம் ஆறாகும் இடம் அது. குன்றுகளின் மேல் ஓக் மரக்காடு, பள்ளங்களில் மக்காச்சோளமும் சோயாவும். ஆண்டுதோறும் மாநிலத்திலேயே அதிக மான்கள் வேட்டையாடப்படும் மாவட்டங்களின் வரிசையில் இது முன்னால் நிற்கும். தனியார் நிலத்தில் வேட்டையாட உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி கட்டாயம். அந்தத் தாளில் கையெழுத்திட்டுத் தந்தவர்தான் மேலே சொன்ன விவசாயி.

தமிழ்நாட்டில் வளர்ந்த எனக்கு மான் என்றால் கிண்டிப் பூங்காவில் பார்த்த புள்ளிமான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிறந்த தலைமுறைக்கு வேட்டை என்பது குற்றம். அதனால் 'மானைக் கொல்லலாமா?' என்று சொந்தக்காரர்கள் என்னிடம் முகம் சுளித்துக் கேட்கும் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் ஒஹாயோவின் கதை வேறு. கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் 1904 வாக்கில் இந்த மாநிலத்தில் வெள்ளைவால் மான் அறவே இல்லாமல் போயிற்று. பிறகு மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். 1943-இல் மூன்றே மாவட்டங்களில் முதன்முறையாக வேட்டைப் பருவம் திறந்தது. இன்று ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்பட்டும் கூட்டம் குறையவில்லை. ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாத காட்டில் அந்த வேலையை மனிதன்தான் செய்யவேண்டியிருக்கிறது. வில், அம்பு, துப்பாக்கி ஆகியவற்றின் விலையோடு வசூலிக்கப்படும் மத்திய வரி, 1937-இல் வந்த சட்டத்தின்படி வனவிலங்குப் பராமரிப்புக்கே போகிறது. இதற்கு மேல் இங்கே நான் வாதிடப்போவதில்லை.

பருவத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜனவரி மான் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது இதில்தான் இருக்கிறது. வில்வேட்டை செப்டம்பர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி முதல் ஞாயிறு வரை நீள்கிறது. நடுவே நவம்பர் கடைசியில் ஒரு வாரம் துப்பாக்கி வேட்டை, டிசம்பரில் இன்னும் இரண்டு நாள் துப்பாக்கி, ஜனவரி தொடக்கத்தில் நான்கு நாள் மருந்து கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி. அதன்பின் மூன்றரை வாரத்துக்கு வில்லாளிகள் மட்டும். அத்தனை வெடியையும் தாண்டி உயிரோடிருக்கும் முதிர்ந்த ஆண் மான், மனித வாடையையும் கார்க் கதவின் ஓசையையும் பாடமாகப் படித்த மான். தமிழில் ஆண் மானுக்குக் கலை, பெண் மானுக்குப் பிணை என்று அழகான பழஞ்சொற்கள் இருக்கின்றன. இனி அவற்றையே எழுதுகிறேன்.

நவம்பர் நடுவில் இணை சேரும் பருவம் உச்சத்தில் இருக்கும். அப்போது கலை தின்பதையே மறந்து பிணைகளின் பின்னால் அலையும். உடல் எடையில் கால் பங்கு வரை அதில் கரைந்துவிடும். அந்த மாதத்தில் அது பகலிலும் தப்புச் செய்யும். வேட்டைக்காரர் இரண்டு கொம்புகளை மோதித் தட்டும் சத்தத்துக்கு, வேறு கலைகள் சண்டையிடுவதாக எண்ணி ஓடிவரும். ஜனவரியில் அதே கலையிடம் அந்தத் தந்திரம் எதுவும் பலிக்காது. சிலர் இரண்டாவது இணைசேர்க்கையை நம்பி உட்காருகிறார்கள். கருத்தரிக்காத பிணைகள் ஏறத்தாழ 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வருவது உண்மைதான், இளம் பிணைகள் சில டிசம்பரில் முதன்முதலாகப் பருவமடைவதும் உண்மைதான். ஆனால் அதை நம்பி நான் காத்திருந்த நாள்களில் எனக்குக் குளிர் தவிர எதுவும் கிடைக்கவில்லை. இழந்த எடையைத் திரும்பப் பெறுவது ஒன்றுதான் ஜனவரிக் கலையின் வேலை. தின்னும், படுக்கும், அசைபோடும். நடப்பதைக்கூடக் குறைத்துக்கொள்ளும். வடகாற்று படாத, வெயில் விழும் தெற்குப் பார்த்த சரிவில் படுக்கை, அங்கிருந்து மிக அருகில் தீனி. இந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் மானைத் தேட வேண்டியதில்லை.

தீனி எது என்பது பண்ணைக்குப் பண்ணை மாறும். பயிர் ஏதும் இல்லாத காட்டில் சிவப்பு ஓக்கின் கொட்டைகளைப் பாருங்கள். வெள்ளை ஓக்கின் கொட்டை துவர்ப்புக் குறைந்தது, இலையுதிர் காலத்திலேயே மான்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். துவர்ப்பான சிவப்பு ஓக்கின் கொட்டை மிஞ்சிக் கிடக்கும், பசி முற்றிய ஜனவரியில் பனியைக் குளம்பால் கீறி அதை எடுத்துத் தின்னும். டர்னிப், முள்ளங்கி விதைத்த நிலமாக இருந்தால் உறைபனி விழுந்த பிறகு இலையில் இனிப்பு ஏறும், அதுவரை சீண்டாத மான்கள் அதன்பின் மொய்க்கும். ஆனால் அறுக்காமல் நிற்கும் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் கடுங்குளிரில் ஈடு கிடையாது. என் விவசாயியின் நிலத்தில் ஓடையோரத் தாழ்வுப் பகுதியில் சுமார் இரண்டு ஏக்கர் சோளம் அப்படி நின்றது. இலையுதிர்கால மழையில் மண் சேறாகி, அறுவடை இயந்திரம் இறங்க முடியாமல் விட்டுவிட்டார். அவருக்கு அது நட்டம். எனக்கு அந்த மாவட்டத்திலேயே சிறந்த இடம்.

அப்படிப்பட்ட இடத்தைத்தான் 2021-இல் மூன்றே மாலைகளில் கெடுத்தேன்.

அந்த ஆண்டு செய்த இன்னொரு தவறு, காலை வேட்டை. நவம்பரில் காலைப் பொழுது பொன்னானது. ஜனவரியில் விடியுமுன் நீங்கள் பரணுக்கு நடக்கும்போது மான்கள் கொல்லையிலேயே நிற்கும். இருட்டில் உங்களுக்குத் தெரியாது, அவற்றுக்குத் தெரியும். இப்போது நான் மாலையில் மட்டுமே போகிறேன். நடுப்பகலில், அவை படுத்திருக்கும்போது, பரணேறிவிடுகிறேன். நான்கு மணி நேரம் குளிரில் உட்கார்வது கடினம்தான். அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

இறங்குவதற்கு வழி சொன்னவரும் அந்த விவசாயிதான். மாலை அவர் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வயலில் சுற்றுவது வழக்கம். வண்டியைக் கண்டால் மான்கள் காட்டுக்குள் ஓடி நிற்கும். வண்டி போனதும் அரை மணியில் திரும்பி வரும். பிறந்ததிலிருந்து பார்த்த வண்டி அது, அதனால் பயம் நெஞ்சில் தங்குவதில்லை. மரத்திலிருந்து இறங்கும் மனிதனைப் பார்த்தால் அந்த மரத்தையே பிணைகள் நினைவில் வைத்துக்கொள்ளும். மறுநாள் கொல்லையில் கால் வைக்குமுன் முதலில் அந்தக் கிளையைத்தான் அண்ணாந்து பார்க்கும். ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: வெளிச்சம் போனபின் நான் அசையாமல் இருப்பேன். கைப்பேசியில் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி. அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார், மான்கள் கலையும், நான் இறங்கி வண்டியில் ஏறிக்கொள்வேன். உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் மான்கள் தாமாக நகரும் வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை எட்டு மணி வரை அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் இறங்குவது சரியாயிற்று. காற்றில் சறுக்கினேன்.

வானிலை அறிவிப்பு வடமேற்குக் காற்று என்றது. கொல்லைக்குத் தென்கிழக்கே, சரிவின் மேல் ஏறியமர்ந்தேன். மான்களிடமிருந்து என்னை நோக்கிக் காற்று வீசியது, ஒரு குறையும் இல்லை. ஐந்து மணிக்குக் காற்று அடங்கியது. வானம் தெளிவாக இருக்கும் குளிர்கால மாலையில் வெயில் தணிந்ததும் சரிவிலுள்ள காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே பள்ளத்தை நோக்கி வழியத் தொடங்கும். நான் மேட்டில் இருந்தேன், கொல்லை பள்ளத்தில் இருந்தது. என் வாடை அப்படியே வழிந்து மேய்ந்துகொண்டிருந்த பிணைகளின் மூக்கில் இறங்கியது. மூத்த பிணை முன்காலால் தரையை இரண்டு முறை உதைத்தது, மூக்கால் சீறியது, அவ்வளவுதான், வெள்ளை வால்கள் மட்டும் தெரிந்தன. அவற்றின் பின்னால் காட்டோரம் வரை வந்திருந்த பெரிய உருவம் ஒன்று ஓசையில்லாமல் திரும்பிப் போயிற்று.

அன்றிலிருந்து அறிவிப்பைவிட ஒரு பஞ்சை அதிகம் நம்புகிறேன். இங்கே மில்க்வீட் என்ற செடி வயலோரங்களில் வளர்கிறது. நம் எருக்கின் குடும்பம். கிள்ளினால் அதே போலப் பால் வடியும், காய் வெடித்தால் அதே போலப் பட்டுப் பஞ்சு பறக்கும். சிறுவயதில் எருக்கம் பஞ்சை ஊதி விளையாடாதவர் யார்? அக்டோபரில் பத்துக் காய்களைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். பரணிலிருந்து ஓர் இழையைப் பறக்கவிட்டால் ஐம்பது கெஜம் வரை காற்றின் போக்கு கண்முன் தெரியும். சில மாலைகளில் அது நேராகப் போய், நடுவழியில் திரும்பி, உங்கள் கால் வழியாகவே பள்ளத்தில் இறங்குவதைப் பார்ப்பீர்கள். காற்றின் திசை பார்க்கக் கடையில் விற்கும் பொடி கைக்கெட்டும் தூரம்வரைதான் சொல்லும்.

பஞ்சு காட்டிய வழியில் பரணை இடம் மாற்றினேன். மேட்டிலிருந்து எடுத்து, கொல்லைக்குத் தென்கிழக்கே, சோளத்தைவிடத் தாழ்வான ஓடைக்கரையில் ஒரு சிக்கமோர் மரத்துக்குப் பக்கத்து மரத்தில் கட்டினேன். மாலையில் குளிர்காற்று கொல்லையிலிருந்து என்னைக் கடந்து ஓடைக்குள் இறங்கும், மான்களை நோக்கிப் போகாது. ஓடைக்குள்ளேயே நடந்து வரலாம், கரையின் உயரம் ஆளை மறைக்கும், ஓடும் நீர் காலடி ஓசையை விழுங்கும். இன்னொரு நன்மையும் உண்டு. முதிர்ந்த கலை நேராகக் கொல்லையில் இறங்காது. காற்று வீசும் திசையின் கீழ்ப்பக்கமாக வளைந்து வந்து, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று மூக்கால் படித்துவிட்டுத்தான் நுழையும். இந்த இடத்தில் அப்படி வளைந்து வந்தால் என் பரணுக்கு முன்னால் கடக்கவேண்டும். எனக்குப் பின்னால் போய் வாடை பிடிக்க முடியாதபடி ஓடையின் செங்குத்துக் கரை தடுக்கும்.

2023 டிசம்பரில் தானியங்கி கேமரா அந்தக் கலையைக் காட்டியது. இடது பக்கத்தில் நெற்றிக் கொம்பு முறிந்தது. வயிறு தொங்கி, மார்பு ஆழ்ந்து, கால்கள் உடலுக்குக் குட்டையாகத் தெரிந்தன. கொம்பின் அளவு வயதைச் சொல்லாது, உடல்தான் சொல்லும். முதலில் இரவு 9 மணிப் படங்கள். குளிர் கூடக் கூட 7.40, 6.50, ஜனவரி நடுவில் 6.15. சட்டப்படி சூரியன் மறைந்து அரை மணி வரைதான் அம்பெய்யலாம். அந்த வாரத்தில் அது ஏறக்குறைய 6 மணி. கால் மணி நேரம்தான் குறைவு. மனம் அன்றே போகச் சொன்னது. போகவில்லை. அந்த மாதத்தில் நான் எடுத்த சரியான முடிவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். சாதாரண நாளில் போய் உட்கார்ந்தால் அந்தக் கால் மணி நேரத்தைக் கலை தராது, கடுங்குளிர்தான் தரும்.

ஜனவரி மூன்றாம் வாரம் அந்தக் குளிர் இறங்கியது. வெள்ளிக்கிழமை பனி பெய்தது. அடுத்த வாரம் வெப்பம் ஏறி மழை வரும் என்று அறிவிப்பு. ஆக 20-ஆம் தேதி சனிக்கிழமை, அந்தப் பருவத்தில் அங்கே என் முதல் நாள்.

கருவிகளைப் பற்றிச் சொல்லவேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில்தான் என்னுடையது. அக்டோபரில் 60 பவுண்டு இழுப்பு. ஜனவரியில் அதை 52-க்குக் குறைத்துவிடுகிறேன். ஒஹாயோ கேட்கும் குறைந்த அளவு 40 பவுண்டுதான், கூர் சரியாக இருந்தால் 52 தாராளம். மூன்று மணி நேரம் விறைத்த தோளால் 60 பவுண்டை இழுக்க முயன்றால் வில்லை வானத்துக்குத் தூக்கித்தான் இழுப்பீர்கள், அந்த அசைவை மான் பார்த்துவிடும். வீட்டுக் கொல்லைப்புறத்தில் முழுக் குளிருடையோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடி பழகுங்கள். தடித்த சட்டைக் கையில் நாண் உரசினால் அம்பு விலகும், அதற்கு முன்கைக் காப்பைச் சட்டைக்கு மேலே கட்டவேண்டும். கனத்த மேலங்கியை அணிந்துகொண்டு நடக்காதீர்கள். பையில் கொண்டுபோய்ப் பரணடியில் அணியுங்கள், வழியில் வேர்த்தால் அந்த ஈரமே பின்னர் உங்களை உறையவைக்கும். ஏணிப் படிகளில் பனிக்கட்டி இருக்கும். உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வார், அதை மரத்தோடு பிணைக்கும் உயிர்க்கயிறு இரண்டையும் தரையில் நிற்கும்போதே மாட்டிக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது.

இரண்டு மணிக்கு ஏறினேன். காரின் அளவி மைனஸ் 9 டிகிரி காட்டியது. 5.10-க்கு ஐந்து பிணைகள் வந்தன. இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பிணைகள்தான் காவல். அவை அமைதியாக மேய்ந்தால் மட்டுமே கலை வெளியே வரும். அவற்றை எண்ணிக்கொண்டு, அவை பார்க்கும்போது மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு இருந்தேன். 5.33 வாக்கில் சூரியன் மறைந்தது. ஒரு பஞ்சிழையை விட்டேன், ஓடைக்குள் இறங்கியது.

5.40 தாண்டியதும் மூத்த பிணை தலையைத் தூக்கிக் காட்டைத் திரும்பிப் பார்த்தது. வால் அசையவில்லை, காது மட்டும் முன்னால் வந்தது. பிணைகள் அப்படித் திரும்பிப் பார்த்தால் பின்னால் வேறொரு மான் வருகிறது என்று பொருள். அது வந்தது. கொல்லைக்குள் இறங்காமல், கிழக்கு விளிம்போரம் வளைந்து, நான்கு அடி வைத்து நின்று, மூக்கைத் தூக்கி, மறுபடி நான்கு அடி வைத்து வந்தது. முறிந்த நெற்றிக் கொம்பு தெரிந்தது. ஜனவரியில் கொம்பு உதிர்த்த கலைகள் பிணைகளைப் போலத் தெரியும். கூட்டத்தில் பெரிய உடல் எதைக் கண்டாலும் நெற்றியைப் பார்க்காமல் அம்பெய்யக் கூடாது என்று எனக்கு ஒரு விதி உண்டு. இங்கே அந்த ஐயம் இல்லை.

சிக்கமோரின் தடித்த அடிமரத்துக்குப் பின்னால் அதன் தலை மறைந்த நொடியில் இழுத்தேன். மறுபுறம் வெளிப்பட்டபோது 22 கெஜம், உடல் சற்றே அப்புறம் திரும்பியிருந்தது. தொண்டையால் ஆட்டுக்குட்டி போல மெல்ல ஓர் ஒலி எழுப்பினேன், நின்றது. விட்டேன்.

கலை பாய்ந்து ஓடைப் பக்கம் மறைந்தது. பிணைகள் முப்பது கெஜம் துள்ளி ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தன. நான் அசையவில்லை. நல்ல அம்பு என்று தெரிந்தாலும் அரை மணி காத்திருப்பது விதி. ஈரலில் பட்டதாக ஐயம் இருந்தால் நாலைந்து மணி நேரம், வயிற்றில் என்றால் அதைவிட அதிகம். அவசரப்பட்டுத் துரத்தினால் அந்த விலங்கு எங்கோ தொலைவில் வலியோடு சாகும், அந்தப் பாவம் நம்முடையது. பிணைகள் பத்து நிமிடத்தில் மறுபடி சோளத்தைத் தின்ன ஆரம்பித்தன. நன்றாக இருட்டியபின் விவசாயிக்குச் செய்தி அனுப்பினேன். 6.30-க்கு வண்டி வெளிச்சம் வந்தது, பிணைகள் காட்டுக்குள் ஒதுங்கின, இறங்கினேன்.

பனியில் இரத்தத் தடம் நுரைத்த இளஞ்சிவப்பாக இருந்தது, நுரையீரல் இரத்தம். எண்பது அடி தொலைவில் கிடந்தது. அதன் கழுத்தில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். விவசாயி தொப்பியைக் கழற்றி நின்றார். இருவரும் பேசவில்லை. குடலையும் மற்றவற்றையும் அங்கேயே எடுக்காமல், வண்டியில் ஏற்றி அரை மைல் தள்ளிக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தோம். அன்றிரவே தொலைபேசியில் மாநிலத் துறைக்குப் பதிவு செய்தேன், மறுநாள் நண்பகலுக்குள் செய்யவேண்டும் என்பது சட்டம். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களின் தேய்மானத்தைப் பார்த்தால் ஐந்தரை வயதுக்குக் குறையாது. குட்டிகள் மே, ஜூனில் பிறப்பதால் குளிர்காலத்தில் எப்போதும் அந்த அரை சேரும். முதுகில் கொழுப்பு மிகக் குறைவு. நவம்பர் தின்றதை ஜனவரி இன்னும் திருப்பித் தரவில்லை. இறைச்சியில் பாதியை விவசாயியின் வீட்டில் வைத்தேன். மீதியை, மெழுகு போல நாவில் ஒட்டும் வெளிக்கொழுப்பைச் சுத்தமாகச் சீவிவிட்டு, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தோம்.

ஞாயிறு இரவு கேமராப் படங்களைத் திறந்தேன். 5.22-க்கு ஐந்து பிணைகளும் அதே விளிம்பில் இறங்கியிருந்தன. முன்னால் மூத்த பிணை. அதன் தலை தாழ்ந்து சோளத்தில் இருந்தது, என் மரத்தை அது பார்க்கவில்லை.